ஊர் பார்த்துக் கொடுத்த முதுகு

வேலணை
2025 ஏப்ரல் 20

அன்புள்ள அண்ணைக்கு,

மாசியில் ரெலிபோனில் நான் ஒரு நல்ல செய்தி சொன்னேன். நீங்கள் "மாட்டு டொக்டரோ?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தீர்கள். நான் வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நீங்கள் எடுத்த அழைப்பு எதையும் நான் தொடவில்லை. தொடப் போவதுமில்லை. நாங்கள் பேசினால் சண்டை பிடிப்போம். எழுதினால் ஒரு வசனம் முடியுமட்டுமாவது பொறுப்போம். ஆகவே இனி மின்னஞ்சல்தான்.

கலியாணம் ஆவணியில். அம்மன் கோயில் மண்டபம் கேட்டாயிற்று. நாற்பத்தொன்பது வயதில் கூறைச்சேலை உடுப்பதைப் பற்றி நீங்கள் சொல்ல நினைப்பதை எல்லாம் சறோஜினிதேவி மாமி ஏற்கெனவே சொல்லிவிட்டா. மிச்சம் ஏதும் இல்லை.

ஆரூரன் நெடுந்தீவில் அரசாங்கக் கால்நடை வைத்தியர். வயது ஐம்பத்திரண்டு. மனைவி இறந்து பல வருடங்கள், பிள்ளைகள் இல்லை. போன வருடம் நான் படிப்பிக்கிற உயர்தர வகுப்புப் பிள்ளைகளைக் காட்டுக் குதிரை காட்ட நெடுந்தீவுக்குக் கூட்டிப் போனபோது பழக்கம். அவர் சொன்ன ஒரு தகவல் பிழை என்று பிள்ளைகளுக்கு முன்னால் நான் திருத்தினேன். அடுத்த கிழமை, தான் புத்தகத்தைப் பார்த்ததாகவும் நான் சொன்னதே சரி என்றும் எழுதியிருந்தார். இப்படி எழுதுகிற ஆம்பிளையை நான் முன்னர் கண்டதில்லை.

அப்பா இல்லை. என்னைத் தாரை வார்த்துக் கொடுக்க நீங்களும் மச்சாளும்தான் மணவறையில் இருக்க வேண்டும். ஆனால் நீங்கள் பஸ் ஓட்டி முடித்து வீட்டுக்கு வந்தால் நின்றபடியே சாப்பிடுகிறீர்கள் என்று மச்சாள் சொன்னா. இருக்க ஏலாதாம், முதுகாம். யாரிடம் காட்டுகிறீர்கள்? என்ன சொல்கிறார்கள்? விபரமாக எழுதவும்.

தங்கை,
கோசலா


லண்டன்
2025 ஏப்ரல் 27

என் அன்புத் தங்கச்சி,

சிரித்தது பிழைதான். ஆனால் நான் சந்தோஷத்தில் சிரித்தேன் என்று ஒரு சாட்சியாவது உனக்குக் கிடைக்காமலா போகும்? உன் மச்சாள் துஷாந்தியைக் கேள். ரெலிபோனை வைத்தவுடன் குசினிக்குள் போய் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் கத்தரிக்காய் பொரித்துக்கொண்டிருந்தாள். கருக வைத்துவிட்டேன் என்று ஏச்சு.

ஆரூரனைப் பற்றி நன்றாக விசாரித்துவிட்டேன். இங்கே நெடுந்தீவு ஆட்கள் மூன்று பேரைப் பிடித்தேன். ஒருவர் "தங்கமான மனுசன்" என்றார். இரண்டாமவர், ஒரு பசு கன்று போட முடியாமல் தவித்தபோது ஆரூரன் விடியவிடியப் பக்கத்தில் இருந்தார் என்றார். மூன்றாமவர் அவருடைய தாய்வழிப் பூட்டன் வரைக்கும் சொன்னார். எனக்குத் திருப்தி.

முதுகைப் பற்றிக் கவலைப்படாதே. கையால் அமத்தியே முதுகைச் சரிப்படுத்துகிற நல்ல ஒஸ்டியோபத் ஒருவரிடம் சில மாதமாகப் போகிறேன். யார் என்று நினைக்கிறாய்? பக்கத்து ஊர் சரவணையில் இருந்த வைத்திலிங்கம் வாத்தியாரின் பேரன்! நிரோஜன் என்று பெயர். கதவில் பெயரைக் கண்டவுடன் உள்ளே போய் "தம்பி, நீர் எவடம்?" என்று கேட்டேன். "அம்மப்பா சரவணை" என்றான். அவ்வளவுதான், முதுகை அவனிடம் கொடுத்துவிட்டேன். கட்டிலில் படுக்க வைத்து, திருப்பி, ஒரே அமத்து. 'டக்' என்று ஒரு சத்தம். விலகின எலும்பு இடத்துக்கு வந்துவிடும். அந்தச் சுகம் இரண்டு நாள் நிற்கும். வாசலில் நின்று எடுத்த படம் இத்துடன் அனுப்புகிறேன்.

நான் மணவறையில் நிலத்தில் காலை மடித்துச் சப்பாணி கட்டி இருப்பேன். அப்பா இருந்திருந்தால் எப்படி இருப்பாரோ அப்படி.

ஒன்று மட்டும் கேட்கிறேன். நீ சந்தோஷமாக இருக்கிறாயா? உன் வழக்கப்படி கட்டுரை எழுதாமல் ஒரு சொல்லில் எழுது.

அண்ணை,
தயாபரன்


வேலணை
2025 மே 4

அன்புள்ள அண்ணைக்கு,

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நீங்கள் சிரித்துக்கொண்டு சாய்ந்து நிற்கிற கதவில் 'கைரோபிரக்டர்' என்று எழுதியிருக்கிறது. நிரோஜன் ஒஸ்டியோபத் அல்ல. எத்தனையோ மாதமாக உங்கள் முள்ளந்தண்டை ஒருவர் முறுக்குகிறார், அவர் என்ன படித்தவர் என்பதே உங்களுக்குத் தெரியவில்லை.

இரண்டும் ஒன்றுதானே என்று கேட்பீர்கள். வாசித்துப் பார்த்தேன். கைரோபிரக்டர்கள் முள்ளந்தண்டையே முதலில் பார்ப்பவர்கள். குறிப்பிட்ட மூட்டில் சட்டென்று சின்னதாக ஒரு அழுத்தம் கொடுப்பது அவர்கள் வழக்கம். ஒஸ்டியோபத்துகள் முதுகு நோகிறது என்று போனாலும் இடுப்பு, கால், மூச்சு விடுகிற விதம், நடை எல்லாம் பார்ப்பார்கள். தசையைத் தேய்த்து, இழுத்து, மெல்ல மெல்லச் செய்வதுதான் அதிகம். ஆனால் இது கோடு கீறிப் பிரித்த எல்லை அல்ல. அவர்களும் சிலவேளை 'டக்' எடுப்பார்கள், இவர்களும் சிலவேளை தேய்ப்பார்கள். கீழ்முதுகு நோவுக்கு இரண்டும் ஓரளவு உதவும், ஒழுங்கான உடற்பயிற்சி உதவுகிற அளவுக்கு. அதற்கு மேல் காது வலியும் மாறும், ஆஸ்துமாவும் மாறும் என்று யாராவது சொன்னால் எழும்பி வந்துவிடுங்கள்.

அந்த 'டக்' சத்தம் எலும்பு இடத்துக்கு வருவது அல்ல. மூட்டுக்குள் இருக்கிற திரவத்தில் காற்றுக்குமிழ் செய்கிற வேலை. விரல் நெட்டி முறித்தால் வருவதும் அதுதான். விலகின எலும்போடு நீங்கள் பஸ் ஓட்டியிருக்க ஏலாது.

நீங்கள் இருக்கிற நாட்டில் இரண்டு தொழிலுக்கும் சட்டப்படி பதிவு வேண்டும். பெயரைப் போட்டால் பதிவு உண்டா இல்லையா என்று யாரும் பார்க்கலாம். அமெரிக்காவில் ஒஸ்டியோபத் என்றால் மருந்து எழுதுகிற முழு டொக்டர். வேறு சில நாடுகளில் அப்படியில்லை. பெயர் ஒன்று, படிப்பு வேறு. இங்கே எங்களுக்கு இரண்டும் இல்லை, மூலிகைப் புக்கை வைத்துக் கட்டுகிற நாட்டுப் பரிகாரிதான் இருக்கிறார்.

என் கோபம் இதுதான். ஆரூரனைப் பற்றி மூன்று பேரிடம் பூட்டன் வரைக்கும் விசாரித்தீர்கள். முதுகைத் தொடுகிறவரிடம் ஊரை மட்டும் கேட்டீர்கள். மாப்பிள்ளைக்கு விசாரிப்பது போலவே இதற்கும் விசாரியுங்கள். பதிவு இருக்கிறதா? தொடுவதற்கு முன்னர் முழு வரலாற்றையும் கேட்டாரா? என்ன செய்யப் போகிறார், அதில் என்ன ஆபத்து என்று சொன்னாரா? எப்போது நிறுத்துவார்? எதைத் தன்னால் மாற்ற ஏலாது என்று சொல்கிறார்? கடைசிக் கேள்விக்குப் பதில் இல்லாதவரை நான் நம்பமாட்டேன்.

நீங்கள் கேட்டதற்கு: ஒரு சொல்லில் எழுதுவதற்கு இன்னும் ஆதாரம் போதாது.

கோசலா


லண்டன்
2025 மே 18

தங்கச்சி,

உன் கடிதத்தைத் துஷாந்தி சத்தமாக வாசித்தாள். அவளுக்குச் சந்தோஷத்தில் பெரிய புழுகம். அவளுடைய தோள்மூட்டுக்கு ஹெலன் என்று ஒரு வெள்ளைக்காரி பார்க்கிறாள். அவள்தான் ஒஸ்டியோபத்தாம். "நான் அப்பவே சொன்னனான், நீங்கள் கேட்டால்தானே" என்று இரண்டு நாளாக ஒரே பாட்டு. அந்த மனுசியிடம் நான் போக மாட்டேன். ஆர், எவர் என்று தெரியாது. ஊர்ப் பொடியனிடம் போய் "உன்ரை பட்டத்தைக் காட்டு" என்று கேட்கவும் மாட்டேன். அவனுடைய தாய் எங்கள் ஊர்ச் சங்கத்தில் பொருளாளர். கூட்டத்தில் முகம் பார்க்க வேண்டாமா?

சரி, அதை விடு. வேறு ஒன்று எழுத வேண்டும். எழுத விருப்பமில்லை.

போன சனிக்கிழமை ஒத்திகை பார்த்தேன். ரீவிக்கு முன்னால் பாய் போட்டு, வேட்டி கட்டி, துஷாந்தியைப் பக்கத்தில் இருத்தி, சப்பாணி கட்டினேன். ஐயர் இல்லை, அதனால் கிரிக்கெட் ஓடிக்கொண்டிருந்தது. இருந்தது சரி. எழும்ப ஏலவில்லை. துஷாந்தி கையைப் பிடித்து இழுத்தாள், பிறகு அவளுக்குத் தோள் நோ. கடைசியில் நான் நாலு காலில் தவழ்ந்து போய்ச் சோபாவைப் பிடித்துத்தான் எழும்பினேன். இடது கால் விறைத்து, பாதம் ஊசி குத்தின மாதிரி இருந்தது. அது இப்போது கொஞ்ச நாளாகவே இருக்கிறது.

மண்டபம் நிறைந்த சனத்துக்கு முன்னால் அப்படித் தவழ்ந்தால் உன் கலியாண வீடியோவை நீ பார்க்க மாட்டாய், ஊர்தான் பார்க்கும். மண்டைதீவில் பெரியப்பாவின் மகன் இருக்கிறான்தானே. அவன் இருந்து தாரை வார்க்கட்டும். நான் பின்னால் நிற்கிறேன். நிற்க மட்டும் எனக்கு நன்றாக வரும்.

அண்ணை


வேலணை
2025 மே 19

அண்ணை,

உடனே எழுதுகிறேன்.

கால் விறைப்பை நாளைக்கே உங்கள் டொக்டரிடம் சொல்ல வேண்டும். கால் பலம் குறைந்தாலோ, குந்துகிற பின்பக்கம் மரத்தாலோ, சிறுநீர் அடக்க ஏலாமல் போனாலோ ஒஸ்டியோபத்தும் வேண்டாம் கைரோபிரக்டரும் வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. காலைப் பற்றி நிரோஜனுக்குத் தெரியுமா? தெரிந்தும் 'டக்' எடுக்கிறாரா? கேளுங்கள். பதில் சொல்லத் தடுமாறினால் சங்கமும் வேண்டாம் சரவணையும் வேண்டாம், சேர்ட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வாருங்கள். அவர் தடுமாறுவார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

மண்டைதீவு அண்ணை நல்லவர். ஆனால் என்னை ரியூற்றரி வகுப்புக்குச் சைக்கிளில் ஏற்றிப் போனது அவர் அல்ல. பல்கலைக்கழகம் கிடைத்தபோது ஊர் முழுக்கக் கற்கண்டு கொடுத்ததும் அவர் அல்ல. உங்களைத் தவிர வேறு யாரும் என்னைத் தாரை வார்க்கப் போவதில்லை. ஏலாது என்றால் கலியாணத்தைத் தைக்குத் தள்ளுவேன், அதற்கும் ஏலாவிட்டால் பங்குனிக்கு. ஆரூரனிடம் சொல்லிவிட்டேன். "இவ்வளவு காலம் இருந்திட்டம், இன்னும் கொஞ்சம் இருப்பம்" என்றார்.

கோசலா


லண்டன்
2025 யூன் 22

என் அன்புத் தங்கச்சி,

ஒரு மாதம் எழுதாததற்குக் காரணம் இருக்கிறது. எல்லாம் முடியட்டும் என்று பார்த்திருந்தேன்.

நிரோஜனிடம் போனேன். உன் கேள்விகளைப் பாடமாக்கிக்கொண்டு போனேன், பத்தாம் வகுப்புச் சோதனை மாதிரி. கட்டிலில் ஏறாமல் கதிரையில் இருந்துகொண்டு, "தம்பி, குறை நினைக்காதையும், என்ரை தங்கச்சி ஒரு மாதிரி ஆள்" என்று தொடங்கினேன். அவன் கோபிப்பான் என்று பார்த்தால் கையைத் தலையில் வைத்துக்கொண்டு சிரிக்கிறான்.

"அங்கிள், இதெல்லாம் நான் முதல் நாளே சொன்னனான். நீங்கள் கேட்டனீங்களோ? நான் ஆபத்தைப் பற்றிச் சொல்லேக்கை நீங்கள் அம்மப்பாவின்ரை வளவுக்கை நிண்ட விலாட் மாமரத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தனீங்கள்."

"பயிற்சி ஏதும் இல்லையோ தம்பி?"

"ஒவ்வொரு முறையும் காட்டுறனான். வீட்டை செய்தனீங்களோ எண்டு கேட்டால் ஓம், ஓம் எண்டுறியள்."

நான் செய்யவில்லை என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. பிறகு கால் விறைப்பைச் சொன்னேன். அவன் சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. "இது எவ்வளவு நாளா?" என்றான். நான் சொன்னேன். "இதை ஏன் எனக்குச் சொல்லேல்லை? ஒவ்வொரு முறையும் கேட்டனான் அல்லோ, கால் எப்படி எண்டு? நல்லா இருக்கு எண்டனீங்கள்!"

தங்கச்சி, உண்மையைச் சொல்கிறேன். வேறு ஆள் என்றால் சொல்லியிருப்பேன். இவனிடம் சொன்னால் தாய் அறிவாள், தாய் அறிந்தால் சங்கம் அறியும், "தயாபரனுக்குக் கால் விளங்கேல்லையாம்" என்று ஆடிக்கு முன்னர் வேலணைக்கே வந்துவிடும். அவனோ ஒரு நோயாளியின் கதையையும் தாய்க்குச் சொல்லாத பிள்ளையாம். சொன்னால் அவனுடைய பதிவே போய்விடுமாம். எனக்கு அது எங்கே தெரியும்? நல்லவன் என்று ஊர் பார்த்துப் பிடித்த ஆளிடம், ஊர்க்காரன் என்பதாலேயே நோயை ஒளித்தேன்.

அன்றைக்கு அவன் என் முதுகைத் தொடவில்லை. முதலில் டொக்டரிடம் போங்கோ என்றான். போனேன். படம் எடுத்தார்கள். முள்ளந்தண்டு எலும்புகளுக்கு இடையில் ஒரு தட்டு கொஞ்சம் பிதுங்கி நரம்பில் முட்டுகிறது. சத்திரசிகிச்சை வேண்டாம், ஒழுங்காகப் பயிற்சி செய்தால் பெரும்பாலும் தானாகவே அடங்கும் என்றார்கள். திரும்பி வந்து சொன்னவுடன் நிரோஜன் சொன்னதைக் கேள்:

"அங்கிள், நான் உங்களைப் பார்க்கமாட்டன். உங்களுக்கு ஊர் ஆள் சரிவராது. ஊர் தெரியாத ஆளிட்டைப் போனால்தான் நீங்கள் உண்மை சொல்லுவியள்."

யாரிடம் அனுப்பினான் தெரியுமா? துஷாந்தியின் ஹெலனிடம்! நல்ல திறமான ஆள், தன் தாயையும் அங்கேதான் அனுப்புவதாகச் சொன்னான். துஷாந்தி இதைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

ஹெலனுக்குச் சரவணையும் தெரியாது, சங்கமும் தெரியாது. முழு நேரமும் கேள்விதான் கேட்டாள். எப்படிப் படுக்கிறேன், பஸ்ஸில் சீற் எந்த உயரம், என்னென்னவோ. எல்லாவற்றுக்கும் உண்மை சொன்னேன். எனக்கே புதினமாக இருந்தது.

அண்ணை


வேலணை
2025 யூன் 29

அன்புள்ள அண்ணைக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை வாசித்தேன். முதல் முறை பயத்தோடு, இரண்டாம் முறை சிரிப்பதற்காக.

ஊர்ப் பொடியன் என்பதால் நீங்கள் நிரோஜனை நம்பினீர்கள். ஊர்ப் பொடியன் என்பதால் நான் அவரை நம்பவில்லை. இரண்டும் ஒரே முட்டாள்தனம், என்னுடையது மட்டும் படித்த முட்டாள்தனம். தன்னிடம் வந்தவரை வேறு தொழில்காரரிடம் அனுப்புகிறவர் எந்தத் தொழிலிலும் அரிது. அவருக்கு ஒரு பழமாவது அனுப்ப வேண்டும். விலாட் மாம்பழக் காலம் முடியப் போகிறது, வெள்ளைக்கொழும்பான் அனுப்பலாமோ தெரியவில்லை.

என் கேள்விகள் எல்லாம் பார்க்கிறவரைப் பற்றியே இருந்தன. போகிறவர் அவரிடம் உண்மை சொல்வாரா என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. ஆரூரனிடம் இதைச் சொன்னேன். "அதுதான் எனக்கு மாடுகளைப் பிடிக்கும். வைத்தியர் எவடம் எண்டு பார்த்து நோயை ஒளிக்கிறதில்லை" என்றார். மாட்டு டொக்டர் என்று நீங்கள் சிரித்ததற்கு இது பதில் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சப்பாணி கட்டுவதைப் பற்றி: கதிரையில் இருந்தும் தாரை வார்க்கலாம் என்று ஐயர் சொல்லிவிட்டார்.

கோசலா


லண்டன்
2025 ஓகஸ்ட் 10

என் அன்புத் தங்கச்சி,

பிளேன் ரிக்கற் எடுத்தாயிற்று. கால் விறைப்பு அநேகமாக இல்லை. ஹெலன் தேய்ப்பது கொஞ்சம், பயிற்சி நிறைய. அதில் ஒன்றுக்குப் பூனை–மாடு என்று பெயர். நாலு காலில் நின்று முதுகைப் பூனை போல் மேலே வளைக்க வேண்டும், பிறகு மாடு போல் கீழே இறக்க வேண்டும். காலையும் மாலையும் செய்கிறேன். பஸ் டிப்போவிலும் செய்தேன். இப்போது இரண்டு சாரதிகள் என்னோடு சேர்ந்து செய்கிறார்கள்.

ஆனால் நிலத்தில் நெடுநேரம் சப்பாணி கட்ட இன்னும் வேண்டாம் என்கிறாள். அதைத் தன்னால் இப்போதைக்கு மாற்ற ஏலாதாம். உன் கடைசிக் கேள்வி நினைவுக்கு வந்தது, அவளில் நம்பிக்கையும் வந்தது, கவலையும் வந்தது. மாப்பிள்ளை பெண் எல்லாரும் பலகையில் இருக்க நான் மட்டும் நீதவான் மாதிரிக் கதிரையில் இருப்பதோ? சனம் என் முதுகைப் பற்றித்தான் கதைக்கும்.

நேற்று ஆரூரனுக்கு நானே ரெலிபோன் எடுத்தேன். மாட்டு டொக்டர் என்றதற்கு மன்னிப்புக் கேட்டேன். "நான் மாட்டு டொக்டர்தானே அண்ணை" என்றார். பிறகு நெடுநேரம் கதைத்தோம். என்ன கதைத்தோம் என்று கேட்காதே.

சந்தோஷமா என்ற பழைய கேள்வி இன்னும் நிற்கிறது. ஒரு சொல்.

அண்ணை


நெடுந்தீவு
2025 செப்ரெம்பர் 21

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்களும் மச்சாளும் சுகமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. நீங்கள் முன்னால் இருந்தபடியால் பின்னால் நடந்தது உங்களுக்குத் தெரியாது. அதனால் எழுதுகிறேன்.

மாப்பிள்ளை மணவறைக்கு வந்து, பலகையைப் பார்த்து, "ஐயா, படகிலை ஏறி இறங்கி என்ரை முழங்கால் சரியில்லை, எல்லாருக்கும் கதிரை போடுங்கோ" என்று சொன்னபோது சறோஜினிதேவி மாமி எனக்குப் பின்னால் நின்று, "இது கலியாணமோ, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டமோ?" என்று கேட்டா. பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்த சிரிப்பில் ஐயர் ஒரு மந்திரத்தைத் திரும்பத் தொடங்க வேண்டியதாயிற்று. ஆரூரனுக்கு முழங்காலில் ஒரு குறையும் இல்லை. கல்வேலி பாய்ந்து மாடு பிடிக்கிறவர். நீங்கள் இருவரும் ரெலிபோனில் என்ன கதைத்தீர்கள் என்று அப்போது விளங்கிவிட்டது. கதிரைகளில் இருந்த எங்களைப் பார்த்து, பிறகு முதல் வரிசையில் பாயில் போய் இருந்த மாமியும் "எனக்கும் ஒண்டு கொண்டு வா" என்று கேட்டதை வீடியோவில் பாருங்கள்.

தாரை வார்க்கும்போது என் கையை அவர் கையில் வைத்தீர்கள். வைத்துவிட்டு எடுக்க மறந்துவிட்டீர்கள். "கையை விடுங்கோ, விடுங்கோ, தண்ணி வார்க்க வேணும்" என்று ஐயர் இரண்டு தரம் சொன்னார். பிறகு ஒருவரையும் பிடிக்காமல் எழும்பி நின்றீர்கள். அழ மாட்டேன் என்று இருந்த நான் அந்த இடத்தில்தான் பிடிபட்டேன். புகை என்று மாமியிடம் சொன்னேன். மாமி நம்பவில்லை.

நான் கால்மாறி மாப்பிள்ளை வீட்டுக்கு வருகிற அன்றைக்கு நீங்கள் குறிகட்டுவான் இறங்குதுறையோடு நின்றுவிடுவீர்கள் என்று நினைத்தேன். படகின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நெடுந்தீவு வரைக்கும் நின்றே வந்தீர்கள். நிற்க நன்றாக வரும் என்று எழுதியது உண்மைதான்.

உங்களுக்குத் தெரியாத கடைசி விடயம். அடுத்த நாள் காலை வளவில் பாய் விரித்துப் பூனை–மாடு செய்தீர்கள். நீங்கள் தலையைக் குனிந்திருந்தீர்கள். ஆரூரனிடம் வைத்தியத்துக்கு வந்த சிவலைப் பசு ஒன்று கயிற்றை இழுத்துக்கொண்டு வந்து, உங்களுக்குப் பின்னால் நின்று, நீங்கள் முதுகை இறக்குவதையும் ஏற்றுவதையும் முழுமையாகப் பார்த்தது. ஆரூரன் குசினி வாசலில் நின்று, "இது சரியாத்தான் செய்யுறார் எண்டு பார்க்குது" என்றார். நான் கையில் வைத்திருந்த தேத்தண்ணி முழுவதும் சேலையில். நான் அவ்வளவு சத்தமாகச் சிரித்ததை நானே கேட்டதில்லை. நீங்கள் தலையை நிமிர்த்தி "என்னடி?" என்று கேட்டீர்கள். நான் சேலையைப் பிழிந்துகொண்டு குசினிக்குள் ஓடிவிட்டேன்.

பயிற்சியை விட வேண்டாம். நிரோஜனுக்கு என் நன்றியைச் சொல்லுங்கள். இனி ரெலிபோன் எடுக்கலாம், நான் வைக்கமாட்டேன்.

நீங்கள் ஏப்ரலில் கேட்டதற்குப் பதில்: ஓம்.

தங்கை,
கோசலா